சப்ளை செயினில் பிஎச்.டி. செய்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், எதை ஆராய்கிறார்கள்?

வார்ப்படம் (கேள்வி):

வணக்கம். இயந்திரவியல் படித்துவிட்டு, பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். சப்ளை செயின் மேலாண்மையில் பிஎச்.டி. சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த எண்ணம் வந்த காரணத்தைச் சொன்னால்தான் கேள்வி புரியும்.

எங்கள் பம்புகளுக்கான வார்ப்பட உறைகள் ஒரே ஒரு சப்ளையரிடமிருந்து வருகின்றன. அவருடைய உலைத்திறன் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் போதாது. அதனால் யார் எவ்வளவு கேட்கிறார்களோ அந்த விகிதத்தில் பிரித்துக் கொடுப்பார். 400 கேட்டால் 200 வரும். எங்கள் பிரிவில் என்ன வழக்கமாகிவிட்டது என்றால், 400 தேவைப்பட்டால் திங்கட்கிழமை ஆர்டரில் 800 என்று போடுவது. மற்ற கம்பெனிகளும் இதையேதான் செய்கின்றன என்று சப்ளையரின் ஆளே ஒருமுறை சொன்னார். அப்புறம் ஏதோ ஒரு மாதம் உலை நன்றாக ஓடிவிடும், கேட்ட 800-ம் வந்து இறங்கிவிடும். குடோனில் நடக்க வழி இருக்காது. அடுத்த மாதம் ஆர்டரே போட மாட்டோம். அதைப் பார்த்து சப்ளையர் ஒரு ஷிப்டைக் குறைப்பார். மறுபடி தட்டுப்பாடு.

இது ஏன் இப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது, எந்த விதியை மாற்றினால் நிற்கும் என்பது மனதை விட்டுப் போக மறுக்கிறது.

கேட்க நினைப்பது இவைதான். இந்தத் துறையில் பிஎச்.டி. செய்பவர்கள் பெரும்பாலும் எந்தப் பின்னணியிலிருந்து வருகிறார்கள்? நான் எம்பிஏ படிக்கவில்லை, கல்லூரிக்குப் பிறகு கணிதத்தைத் தொடவும் இல்லை. அவர்கள் உண்மையில் எதை ஆராய்கிறார்கள்? நான் சொன்ன பிரச்சினை ஆய்வுக்குரியதா, இல்லை நல்ல மேனேஜர் ஒருவர் சரிசெய்துவிடக்கூடிய அன்றாட விஷயமா?


இருப்புக்கணக்கு:

வணக்கம். நான் இப்போது ஆய்வேடு எழுதும் கட்டத்தில் இருக்கிறேன். படித்தது புள்ளியியல். பிறகு ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் தரவுப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு பிஎச்.டி. வந்தேன். நீங்கள் கேட்டதில் மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

நீங்கள் விவரித்தது அன்றாட விஷயம்தான், ஆய்வுக்குரியதும்தான். ஹாவ் லீ, பத்மநாபன், வாங் மூவரும் 1997-ல் மேனேஜ்மென்ட் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். கடையில் விற்பனை பெரிதாக ஏறி இறங்காதபோதும், ஆர்டர்கள் கடையிலிருந்து மொத்த வியாபாரி, தொழிற்சாலை என்று மேல்மட்டத்துக்குப் போகப் போக ஏற்ற இறக்கம் பெரிதாகிக்கொண்டே போவதை ‘புல்விப்’ விளைவு என்பார்கள். அதற்கு அவர்கள் நான்கு காரணங்களைக் காட்டினார்கள். ஒவ்வொருவரும் தனக்கு வரும் ஆர்டரை வைத்தே தேவையைக் கணிப்பது, ஆர்டர்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடுவது, விலைச்சலுகை வரும்போது வாங்கிக் குவிப்பது, தட்டுப்பாட்டில் பங்கு அதிகம் கிடைக்க வேண்டும் என்று ஆர்டரைப் பெருக்கிப் போடுவது. உங்கள் திங்கட்கிழமை 800 என்பது அந்த நான்காவது காரணம், அப்படியே.

இதில் நான் ரசிக்கும் விஷயம், அங்கே யாரும் முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை என்பது. கேட்ட விகிதத்தில் பங்கு என்பது விதியானால், கூட்டிக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். ஆகவே மனிதர்களைத் திட்டிப் பயனில்லை, விதியைத்தான் பார்க்க வேண்டும். இப்போதைய ஆர்டரை விட்டுவிட்டு, கடந்தகால விற்பனையை வைத்துப் பங்கிட்டால் கூட்டிக் கேட்பதில் லாபம் இல்லை என்று அதே கட்டுரை சொல்கிறது. அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1999-ல் கஷோனும் லாரிவியேரும் இன்னும் ஆழமாகப் போனார்கள். வாங்குபவர்களை உண்மையான தேவையைச் சொல்லவைக்கும் பங்கீட்டு விதிகள் உண்டு, ஆனால் அப்படிப்பட்ட எந்த விதியும் வாங்குபவர்களின் மொத்த லாபத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகாது என்று காட்டினார்கள். அது மட்டுமல்ல, பொய்யாகக் கூட்டிக் கேட்க இடம் தரும் விதி இருக்கும்போது சப்ளையர் உற்பத்தித்திறனை அதிகமாக அமைத்துக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்லவைத்தால் எல்லாருக்கும் நல்லது என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

உங்கள் கதையில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. சப்ளையர் ஷிப்டைக் குறைப்பதும் கூட்டுவதும் உங்கள் பொய் ஆர்டரைப் பார்த்துத்தான். தட்டுப்பாடு மறுபடி மறுபடி வரும்போது இரு தரப்பும் ஒருவரைப் பற்றி ஒருவர் என்ன கற்றுக்கொள்கிறார்கள்? சப்ளையர் 800-ஐ 400 என்றே படிக்கத் தொடங்கிவிட்டாரா? அப்படியானால் உண்மையிலேயே 800 தேவைப்படும் மாதத்தில் என்ன ஆகும்? இவையெல்லாம் ஆய்வுக் கேள்விகள்.

சரி, பின்னணிக்கு வருகிறேன். எங்கள் துறையில் என்னோடு உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் மருந்தாளுநர். மருத்துவமனை மருந்தகத்தில் இருந்தவர், மருந்துத் தட்டுப்பாடுகளை ஆராய்கிறார். பழைய, மலிவான ஊசிமருந்துகள்தான் ஏன் அடிக்கடி காணாமல் போகின்றன என்பது அவர் கேள்வி. லாபம் குறைவு, தயாரிப்பவர்களும் குறைவு, ஒரு ஆலையில் தரப் பிரச்சினை வந்தால் ஈடுகட்ட ஆள் இல்லை. இன்னொருவர் பொருளாதாரம் படித்தவர். 2011 மார்ச்சில் ஜப்பானில் வந்த நிலநடுக்கம் போன்ற அதிர்ச்சிகள், நேரடியாகப் பாதிக்கப்படாத நிறுவனங்களுக்கு சப்ளையர்கள் வழியாக எப்படிப் பரவின என்று தரவில் தேடுகிறார். கணினி அறிவியலிலிருந்து வந்த ஒருவர் வண்டிகளுக்கு வழித்தடம் வகுக்கும் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார். 1959-ல் டான்ட்சிக்கும் ராம்சரும் பெட்ரோல் லாரிகளுக்காக எழுதிய கணக்கின் வாரிசு அது. ஆர்டர்கள் நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது என்பது அவருடைய பங்கு. உளவியல் படித்த ஒருவரும் இருக்கிறார். எம்பிஏ படித்தவர்கள் உண்டு, ஆனால் பெரும்பான்மை என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே என்ன படித்தீர்கள் என்பதை வைத்து இந்தத் துறையில் ஆட்களைப் பிரிக்க முடியாது. எதைச் சான்றாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் பிரிக்கிறது. ஒருவருக்குக் கணித நிரூபணம் வேண்டும். ஒருவருக்கு லட்சக்கணக்கான பதிவுகள் வேண்டும். ஒருவர் ஆட்களை ஆய்வகத்தில் உட்காரவைத்து அவர்கள் எடுக்கும் முடிவுகளைப் பார்த்தால்தான் நம்புவார். இன்னொருவர் தொழிற்சாலைக்குப் போய் மாதக்கணக்கில் பேசிப் பார்க்காமல் எதையும் எழுத மாட்டார். உங்கள் வார்ப்படப் பிரச்சினையை இந்த நான்கு பேரும் எடுத்துக்கொள்ளலாம், நான்கும் வேறு வேறு ஆய்வேடுகளாக வரும். உங்களுக்கு எது சான்று என்று முதலில் யோசியுங்கள். கைடு தேடுவது அதற்குப் பிறகு.

நான் என்ன செய்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், தரவுப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். என் தலைப்பு இருப்புப் பதிவுகளில் உள்ள பிழை. 2008-ல் டிஹொரேஷியஸ், ராமன் இருவரும் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 பதிவுகளைச் சரிபார்த்தார்கள். அவற்றில் 65 சதவீதம் கையில் இருந்த சரக்கோடு ஒத்துப்போகவில்லை. பழைய வேலையில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கணினியில் ஒரு பொருள் 5 இருக்கிறது என்று இருக்கும். அலமாரியில் ஒன்றும் இருக்காது. ஒருவேளை திருடு போயிருக்கும், அல்லது பக்கத்துப் பொருளின் பார்கோடை இரண்டு முறை ஸ்கேன் செய்து பில் போட்டிருப்பார்கள். 5 இருப்பதாக நினைப்பதால் கணினி மறு ஆர்டர் போடாது. சரக்கு இல்லாததால் விற்காது. விற்காததால் அந்த 5 மாறவே மாறாது. யாராவது ஒருவர் அலமாரிக்கு முன்னால் நின்று எண்ணும்வரை அந்தப் பொருள் அந்தக் கடையில் இறந்தே கிடக்கும். விற்பனையே நின்றுபோன பொருட்களில் எதற்கு உண்மையிலேயே கிராக்கி இல்லை, எது இப்படி மாட்டிக்கொண்டது என்று விற்பனைத் தடத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் என் ஆய்வு. இதற்கு உதவுவது நான் படித்த புள்ளியியல்தான், ஆனால் கேள்வியைக் கொடுத்தது அந்த அலமாரி.


நிகழ்தகவு:

மேலே சொன்னது எல்லாம் சரி. கணிதத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதை லேசாகச் சொல்லிச் சேர்த்துவிட்டு முதல் வருடப் பாடத்தில் ஆட்கள் தவிப்பதைப் பார்க்கிறேன்.

நான் தூய கணிதத்திலிருந்து வந்தவன். பல அடுக்குக் கிடங்குகளில் எங்கே எவ்வளவு சரக்கு வைப்பது என்பது என் வேலை. கிளார்க்கும் ஸ்கார்ஃபும் 1960-ல் தொடங்கிவைத்த கேள்வி இன்னும் தீரவில்லை. நீங்கள் நிரூபணப் பக்கம் போகாவிட்டாலும் நிகழ்தகவு, நேரியல் திட்டமிடல், இயங்கு திட்டமிடல், கொஞ்சம் ஆட்டக் கோட்பாடு இவை இல்லாமல் துறையின் கட்டுரைகளைப் படிக்கவே முடியாது.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி. ஒரு பொருளை ஒரே முறைதான் ஆர்டர் போட முடியும், தேவை எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியாது. ஒன்று விற்றால் லாபம் 3, ஒன்று மிஞ்சினால் நஷ்டம் 1. எவ்வளவு வாங்குவது? தேவை முழுவதும் பூர்த்தியாகும் வாய்ப்பு 75 சதவீதமாக இருக்கும் அளவு வாங்க வேண்டும், ஏனென்றால் 3-ஐ 3+1-ஆல் வகுத்தால் அதுதான் வரும். ‘நியூஸ்வெண்டர்’ கணக்கு என்று புத்தகங்களில் இருக்கும். ஏன் அந்த விகிதம் வருகிறது என்பதைப் புத்தகம் பார்க்காமல் காகிதத்தில் நீங்களே வருவித்துப் பாருங்கள். கொஞ்ச நாள் உட்கார்ந்தால் வந்துவிடுகிறது, அதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது என்றால் மீதிக் கணிதத்தைக் கற்றுக்கொள்ளலாம். வயதோ இடைவெளியோ தடை இல்லை. அந்த உட்காரல் வெறுப்பாக இருந்தால் வேறு முறைகளைப் பாருங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இன்னொன்று. இதே கணக்கை ஷ்வைட்ஸரும் கஷோனும் 2000-ல் மனிதர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். லாபம் அதிகமுள்ள பொருளை அந்தக் கணக்கு சொல்லும் அளவைவிடக் குறைவாகவும், லாபம் குறைந்த பொருளை அதைவிட அதிகமாகவும் வாங்கினார்கள். சராசரித் தேவையின் பக்கம் கை தானாகப் போகிறது. மேலே சொன்ன உளவியல்காரர் போன்றவர்களுக்கு இந்தத் துறையில் இடம் வந்தது இப்படித்தான். அதற்கும் முன்பே, 1989-ல், ஸ்டெர்மன் ‘பீர் விளையாட்டை’ வைத்துக் காட்டியிருந்தார். கடை முதல் தொழிற்சாலை வரை ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார்ந்து ஆர்டர் போடும் விளையாட்டு அது. வாடிக்கையாளர் தேவை ஒரே ஒருமுறை 4-லிருந்து 8-க்கு ஏறி அங்கேயே நிற்கிறது. ஆனால் ஏற்கனவே ஆர்டர் போட்டு வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கை ஆட்கள் போதுமான அளவு கணக்கில் எடுப்பதில்லை, ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்குகின்றன. வார்ப்படம், உங்கள் திங்கட்கிழமை ஆர்டர் போடும்போது முந்தைய வாரங்களில் கேட்டு இன்னும் வராத பாக்கியை யாராவது கழிக்கிறார்களா? அதைக் கவனியுங்கள். கூட்டிக் கேட்பது வேண்டுமென்றே செய்யும் கணக்கா, அல்லது வழியில் இருப்பதை மறப்பதா என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு நல்ல அத்தியாயம்.


கொள்முதல்காரி:

எனக்கு நியூஸ்வெண்டர் கணக்கு வெறுப்பாக இருந்தது, அதனால் நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஆடை நிறுவனம் ஒன்றுக்குக் கொள்முதல் அதிகாரியாக இருந்தேன். 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தொழிலில் தணிக்கை, சான்றிதழ், கேள்வித்தாள் எல்லாம் பெருகின. ஆனால் கேள்வித்தாள் போன அதே வாரம் நானே சப்ளையருக்குப் போன் செய்து, விலையைக் குறை, பத்து நாள் முன்னாலேயே அனுப்பு என்று கேட்க வேண்டியிருந்தது. கூடுதல் நேர வேலைக்கு வரம்பு வைக்கச் சொல்லும் கடிதமும், கூடுதல் நேரம் இல்லாமல் முடிக்கவே முடியாத ஆர்டரும் ஒரே நிறுவனத்திலிருந்து போகின்றன. இதுதான் என் ஆய்வு. நிறுவனத்துக்குள் கொள்முதல் பிரிவும் சமூகப் பொறுப்புப் பிரிவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது எப்படி, பேசாமல் இருப்பது எப்படி.

என்னிடம் இருக்கும் தரவு நேர்காணல்கள்தான். கேத்லீன் ஐசன்ஹார்ட் 1989-ல் எழுதிய கட்டுரை, நிறுவனங்களை நேரில் பார்த்து அதிலிருந்து கோட்பாடு கட்டுவதற்கு வழி காட்டியது. சப்ளையர்களிடம் பேசும்போது முதல் சந்திப்பில் தணிக்கையாளரிடம் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னார்கள். டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்து, துணி வராமல் லைன் நின்ற நாள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகுதான் ஆர்டர் எப்படி இன்னொரு சின்ன யூனிட்டுக்குக் கைமாறியது என்பது வந்தது. பழைய வேலை எனக்கு உதவியது இங்கேதான். எந்தத் தேதி சாத்தியம், எது சாத்தியமில்லை என்று எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இந்தப் பக்கம் வருபவர்கள் சமூகவியல், சட்டம், மேலாண்மை படித்தவர்கள். சப்ளையர்களிடம் மனித உரிமை மீறல் நடக்கிறதா என்று நிறுவனங்களைக் கவனிக்கச் சொல்லும் சப்ளை செயின் சட்டம் ஜெர்மனியில் 2023 தொடக்கத்தில் அமலுக்கு வந்ததை அடுத்து, சட்டம் படித்தவர்களின் ஆர்வமும் கூடியிருப்பதைப் பார்க்கிறேன்.

வேலையிலிருந்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் தொழிற்சாலையின் சிக்கலைத் தீர்த்துவைத்தால் அது ஆய்வேடு ஆகாது. எனக்கு இதைப் புரிந்துகொள்ள வெகுநாள் ஆனது. உங்கள் தொழிற்சாலையை ஒருபோதும் பார்க்காத ஒருவர், தான் இதுவரை நம்பிய ஏதோ ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஏதோ ஒன்று என்ன என்பதைத்தான் கைடு ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்பார்.


வார்ப்படம்:

மூவருக்கும் மிக்க நன்றி. பாக்கி ஆர்டரைக் கழிக்கிறோமா என்று பார்த்தேன். கம்பெனியின் ஈ.ஆர்.பி. மென்பொருளில் வராத பாக்கி தெரிகிறது, ஆனால் திங்கட்கிழமை எண்ணைப் போடுபவர் தனியாக ஒரு எக்செல் வைத்திருக்கிறார், அதில் அந்த வரிசையே இல்லை. ஏன் என்று கேட்டேன். ‘வராதுன்னு தெரிஞ்சதை எதுக்கு எண்ணணும்’ என்றார்.

எனக்கு எது சான்று என்று யோசித்தால், இருப்புக்கணக்கு அக்கா சொன்ன தரவுப் பக்கம்தான் மனம் போகிறது. ஆனால் எக்செல்லைத் திறந்து பார்த்த பிறகு அந்த மனிதரோடு பேசவும் வேண்டும் என்று தோன்றுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா? எங்கள் நிறுவனத்தின் ஆர்டர் தரவைப் பயன்படுத்த முடியுமா?


இருப்புக்கணக்கு:

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள். அது மறதி இல்லை, அவருக்கு ஒரு கோட்பாடு இருக்கிறது. பாக்கி வராது என்று அவர் நம்புகிறார். ஆனால் நீங்கள் சொன்ன 800-ம் வந்து இறங்கும் மாதத்தில் அந்தப் பாக்கியும் சேர்ந்துதானே வந்திருக்கும்? எண்ணாமல் விட்ட வரிசைதான் குடோனை நிரப்புகிறதா என்று உங்கள் ரசீதுகளை வைத்தே பார்த்துவிடலாம்.

இரண்டு முறைகளையும் சேர்த்துச் செய்யலாம், செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டையும் மதிக்கும் கைடு வேண்டும். ஒருவர் கைடாகவும் இன்னொருவர் துணைக் கைடாகவும் இருப்பது நல்ல ஏற்பாடு. அவர்கள் எழுதிய கட்டுரைகளைவிட, அவர்களிடம் முடித்த மாணவர்களின் ஆய்வேடுகளை வாங்கிப் பாருங்கள். முறை பற்றிய அத்தியாயத்தைப் படித்தாலே அந்த இடத்தில் எதைச் சான்றாக ஏற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். முடிந்தால் அந்த மாணவர்களுக்கே எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் சொல்வார்கள்.

தரவு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். வேலையில் இருக்கும்போது பார்க்கக் கிடைக்கிறது என்பதால் அது உங்கள் ஆய்வுக்கு உரியதாகிவிடாது. நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், சப்ளையர் பெயரும் விலையும் மறைக்கப்படும் என்று அதில் இருக்க வேண்டும், நீங்கள் வேலையை விட்டாலும் செல்லும் என்றும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரி இல்லாததால் பாதியில் தலைப்பை மாற்றியவர்கள் உண்டு. எக்செல் வைத்திருப்பவரிடம் பேசுவதற்குப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும் தேவைப்படும். அவர் சொன்னதை வைத்து அவர் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது.

கேட்கும்போது என்ன கேட்பது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். போட்ட ஆர்டர், வந்த அளவு, வந்த தேதி, அன்றைய உண்மையான தேவை, இந்த நான்கும் வாரவாரியாக இருந்தால் போதும். உண்மையான தேவை என்ற வரிசைதான் கிடைப்பது கஷ்டம். கூட்டிப் போட்ட 800 மட்டும் பதிவில் இருக்கும், உள்ளே இருந்த 400 யாருடைய தலையிலோ இருக்கும். உங்கள் உற்பத்தித் திட்டத்தின் பழைய பதிப்புகளை யாராவது சேமித்து வைத்திருக்கிறார்களா என்று இந்த வாரமே விசாரியுங்கள். புதிய திட்டம் வந்ததும் பழையதை அதன் மேலேயே எழுதிவிடும் பழக்கம் இருந்தால், இன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தப் பதிப்பைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி மேனேஜரிடம் கேளுங்கள். விண்ணப்பம், சேர்க்கை, பாடங்கள் எல்லாம் முடிந்து நீங்கள் தரவைத் தொடும் நேரத்தில் அந்த வரிசை நன்றாக நீண்டிருக்கும்.